கேரவனோடு லைட்னிங் ரிட்ஜில் நிம்மதியாக ஒரு நாள்: முதல்முறை போகிறவர்களுக்கு

சிட்னியிலிருந்து வடமேற்கே 700 கிலோமீட்டருக்கு மேல் போனால், குயின்ஸ்லாந்து எல்லைக்குச் சற்று முன்னால் வரும் சுரங்க ஊர் லைட்னிங் ரிட்ஜ். கறுப்பு ஓபலுக்குப் பேர்போன இடம். ஊர் சின்னது, தார்ச்சாலை வாசல் வரை இருக்கிறது, வெந்நீர்க் குளம் இலவசம். அவுட்பேக் எனப்படும் ஆஸ்திரேலிய உள்நாட்டு வறண்ட பகுதிக்கு முதன்முறையாகக் கேரவன் (காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் சக்கர வீடு) இழுத்துப் போகிறவர்களுக்குப் பொருத்தமான ஊர் இது.

ஆனாலும் பலர் அங்கே போய்விட்டுக் களைத்துத்தான் திரும்புகிறார்கள். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கிளம்புவது, சனிக்கிழமை இருட்டிய பிறகு போய்ச் சேர்வது, ஞாயிறு காலையில் மூட்டை கட்டுவது என்று திட்டம் போட்டால் வேறென்ன நடக்கும்? அந்த ஊரில் ஒரு முழு நாள் வேண்டுமென்றால் அங்கே இரண்டு இரவு தங்க வேண்டும். நடுவில் இருக்கும் நாளில் கேரவன் நின்ற இடத்தை விட்டு நகரக்கூடாது. கீழே உள்ளதெல்லாம் அந்த ஒரு நாளைக் காப்பாற்றுவதற்கான ஏற்பாடுகள்.

1. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஏப்ரல் கடைசி முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். டிசம்பர், ஜனவரியில் 40 டிகிரியைத் தாண்டும். அந்த வெயிலில் கேரவனுக்குள் ஏ.சி. ஓடினாலும் பகலில் வெளியே தலைகாட்ட முடியாது. ஜூன், ஜூலையில் பகல் இதமாக இருக்கும், இரவில் நன்றாகக் குளிரும். கனமான போர்வை அவசியம்.

ஈஸ்டர் விடுமுறையில் அங்கே ஆட்டுப் பந்தயம் நடக்கும். ஜூலை மாதக் கடைசியில் ஓபல் திருவிழா. இந்த இரண்டு சமயத்திலும், பள்ளி விடுமுறைகளிலும் கேரவன் நிறுத்தித் தங்கும் கேரவன் பார்க்குகள் பல வாரங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். கூட்டம் வேண்டாம் என்றால் மே மாத நடுப்பகுதியோ ஆகஸ்ட் மாதமோ போங்கள். முடிந்தால் வாரநாட்களாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கான காரணத்தைக் கடைசிப் படியில் சொல்கிறோம்.

2. இழுக்கிற கேரவனா, மோட்டார்ஹோமா?

புதிதாக வருகிறவர்களுக்கு, வீடும் வண்டியும் ஒன்றாக இருக்கும் மோட்டார்ஹோம்தான் எளிது என்று தோன்றும். ஓட்டுவதற்கு எளிதுதான். ஆனால் ஊருக்குள் குளத்துக்குப் போக வேண்டும், கடைக்குப் போக வேண்டும், சுரங்கம் பார்க்க வேண்டும் என்றால் ஒவ்வொரு முறையும் கரண்ட் வயரைக் கழற்றி, தண்ணீர்க் குழாயைச் சுருட்டி, பாத்திரங்களை உள்ளே பூட்டி, வீட்டோடு கிளம்ப வேண்டும். மேலும் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் மோட்டார்ஹோமை மண் சாலையில் ஓட்ட அனுமதிப்பதில்லை. இந்த ஊரில் பார்க்க வேண்டியவற்றில் பாதி மண் சாலையில்தான் இருக்கிறது. அதனால் லைட்னிங் ரிட்ஜுக்குக் கேரவனே சரி: அதைக் கழற்றி நிறுத்திவிட்டால் கார் உங்கள் கையில்.

3. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

நியூ சவுத் வேல்ஸில் சாதாரணக் கார் லைசென்ஸ் போதும். ஆனால் லேர்னர், அதாவது பழகுநர் லைசென்ஸ் வைத்திருப்பவர், எதையும் இழுக்கக்கூடாது. சிவப்பு பி எனப்படும் முதல் கட்டத் தற்காலிக லைசென்ஸ் வைத்திருப்பவர் 250 கிலோவுக்கு மேல் வெற்று எடையுள்ள எதையும் இழுக்கக்கூடாது, அதாவது கேரவன் இழுக்க முடியாது. இந்திய, இலங்கை லைசென்ஸில் ஓட்டுகிறவர்களுக்குக் கால வரம்பு உண்டு. அது முடிந்திருந்தால் விபத்து நடக்கும்போது காப்பீடு கைவிட்டுவிடும். கிளம்பும் முன் சர்வீஸ் நியூ சவுத் வேல்ஸ் தளத்தில் உங்கள் விசா வகைக்கு என்ன வரம்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வாடகை ஒப்பந்தத்தை முழுவதும் படியுங்கள். குறிப்பாக நான்கு இடங்கள்: மண் சாலை, சூரியன் மறைந்த பின் ஓட்டுவது, கூரையிலும் அடிப்பாகத்திலும் ஏற்படும் சேதம், விலங்கு மோதல். காப்பீட்டில் அதிகம் விட்டுப்போவது இவைதான். ஆனிங் எனப்படும் மடக்குப் பந்தலையும் சிலர் காப்பீட்டில் சேர்ப்பதில்லை. கேரவனை வாடகைக்கு எடுக்கும்போது நான்கு பக்கமும், கூரை விளிம்பும், டயர்களும், ஆனிங்கை விரித்த நிலையிலும் வீடியோ எடுத்து வையுங்கள்.

சாலையோர உதவிச் சந்தா வைத்திருப்பவர்கள் அது கேரவனையும் இழுத்து வருமா, எத்தனை கிலோமீட்டர் வரை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அடிப்படைச் சந்தாவில் காருக்கு மட்டும் உதவி, கேரவன் சாலையோரத்தில் நிற்க வேண்டியதுதான் என்ற நிலை வரலாம்.

4. எடையும் இணைப்பும்

இங்கேதான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். கேரவன் தகட்டில் இரண்டு எண்களைத் தேடுங்கள். டேர் என்பது வெற்று எடை. ஏ.டி.எம். என்பது எல்லாம் ஏற்றிய பிறகு தாண்டக்கூடாத எடை. டேர் 2,000 கிலோ, ஏ.டி.எம். 2,400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 400 கிலோ ஏற்றலாம் என்று தெரிகிறது. ஆனால் 80 லிட்டர் தண்ணீர்த் தொட்டி இரண்டு நிரம்பினால் 160 கிலோ போய்விட்டது. 9 கிலோ காஸ் சிலிண்டர் இரண்டு, இரும்போடு சேர்த்து 40 கிலோவை நெருங்கும். மிச்சம் 200 கிலோ. அரிசி, பாத்திரம், நாற்காலி, படுக்கை, துணி, கருவிகள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். இந்த வழியில் ஊருக்கு ஊர் தண்ணீர் கிடைக்கும். ஒரு தொட்டியை மட்டும் நிரப்பினால் போதும்.

டோ பாலில், அதாவது கேரவனை மாட்டும் காரின் இணைப்புப் பந்தில், அழுத்தும் எடை, கேரவனின் மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இருப்பது நல்லது. அந்த எடை காரின் சுமைக் கணக்கிலும் சேரும் என்பதை மறக்காதீர்கள். ஐந்து பேரும் டிக்கி நிறையச் சாமானும் இருந்தால் காரின் வரம்பு முதலில் உடையும். கனமான பொருட்களைச் சக்கர அச்சுக்கு மேலே, தரையோடு வையுங்கள். பின்பக்கம் கனத்தால் கேரவன் வாலாட்டும். அப்படி ஆடத் தொடங்கினால் கார் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, டேஷ்போர்டில் உள்ள பிரேக் கன்ட்ரோலரின் கைப் பொத்தானை மெல்ல அழுத்துங்கள். அது கேரவன் சக்கரத்தை மட்டும் பிடித்து நேராக்கும்.

வாடகைக்கு எடுக்கும் முன் தொலைபேசியிலேயே மூன்று கேள்விகள் கேட்டுவிடுங்கள்:

- பிளக் ஏழு முனையா, பன்னிரண்டு முனையா?
- இணைப்பு 50 மில்லிமீட்டர் பந்தா, வேறு வகை ஹிட்ச்சா?
- எலக்ட்ரிக் பிரேக்கா? அப்படியென்றால் காரில் கன்ட்ரோலர் பொருத்தியிருக்க வேண்டும்.

இவற்றைக் கேட்காமல் சனிக்கிழமை காலையில் யார்டுக்குப் போய் நின்றால், பொருத்தித் தர அன்று யாரும் கிடைக்க மாட்டார்கள். கார் கண்ணாடியில் கேரவனின் பின்பக்கம் தெரியாவிட்டால் நீட்டுக் கண்ணாடியும் வேண்டும்.

5. செலவு

போக வர, ஊருக்குள் சுற்ற எல்லாம் சேர்த்து 1,500 கிலோமீட்டர். கேரவன் இழுக்கும் கார் 100 கிலோமீட்டருக்கு 16 முதல் 18 லிட்டர் குடிக்கும். ஆக 240 முதல் 270 லிட்டர். லிட்டர் 2 டாலர் என்றால் எரிபொருளுக்கே 500 டாலர் அளவில் ஆகிவிடும். ஃபியூயல்செக் என்ற மாநில அரசுச் செயலியில் வழியில் எந்த ஊரில் என்ன விலை என்று பார்த்து நிரப்புங்கள். டேங்க் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

கேரவன் பார்க்கில் மின் இணைப்புள்ள இடமான பவர் சைட் இருவருக்கு ஓர் இரவுக்குப் பொதுவாக 40 முதல் 60 டாலர், பிள்ளைகளுக்குத் தனிக் கட்டணம். கேரவனை வாடகைக்குத் தருபவர் பிடித்துவைக்கும் முன்பணம் திரும்பி வர ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். அந்தத் தொகை முடங்கினாலும் மற்றச் செலவுக்கு இடமுள்ள கார்டைக் கொடுங்கள்.

6. போகும் வழி: இரண்டு நாளாகப் பிரியுங்கள்

லித்கோ, மட்ஜி, கில்காண்ட்ரா, கூனம்பிள், வால்கெட், பிறகு லைட்னிங் ரிட்ஜ். முதல் நாள் கில்காண்ட்ராவில் தங்குங்கள். அங்கிருந்து மறுநாள் 300 கிலோமீட்டருக்குள்தான். காலை 8 மணிக்குப் புறப்பட்டால் மதியம் 1 மணிக்குள் சேர்ந்துவிடலாம். வெளிச்சத்தில் சைட்டில் நிறுத்துவதும் இருட்டில் நிறுத்துவதும் ஒன்றல்ல.

குளிர்காலத்தில் மாலை 5 மணியைத் தாண்டியதுமே சூரியன் மறைந்துவிடும். அந்தி நேரத்திலும் விடியற்காலையிலும் கங்காரு சாலைக்கு வரும், பகலில் ஈமு வரும். எது வந்தாலும் ஸ்டீயரிங்கை ஒடிக்காதீர்கள். நேராகவே பிரேக் போடுங்கள். கேரவனோடு திருப்பினால் குப்புறக் கவிழும்.

இந்த நெடுஞ்சாலையில் பல பெட்டிகளை இழுத்துவரும் ரோடு ட்ரெயின் லாரிகள் 36.5 மீட்டர் நீளம் வரை வரும். எதிரே வரும்போது காற்று முதலில் தள்ளும், பிறகு இழுக்கும். இடப்பக்கம் கொஞ்சம் ஒதுங்கி, வேகத்தைச் சீராக வையுங்கள். பின்னால் வந்து முந்த நினைத்தால் நீங்கள் வேகத்தைக் கூட்டவும் வேண்டாம், மண்ணில் இறங்கவும் வேண்டாம். யு.எச்.எஃப். ரேடியோ இருந்தால் 40-ஆம் சேனலில் லாரிக்காரர்கள் இருப்பார்கள். காரும் கேரவனும் சேர்ந்து அனுமதி எடை 4.5 டன்னைத் தாண்டினால் உங்கள் வேக வரம்பு 100 தான், பலகையில் 110 என்று இருந்தாலும்.

ஓடும்போது கேரவனுக்குள் யாரும் உட்காரக்கூடாது, தூங்கும் குழந்தை உட்பட. காஸ் வால்வும் மூடியிருக்க வேண்டும். கைபேசிக்கு டெல்ஸ்ட்ரா இணைப்புதான் இந்தப் பக்கம் அதிக இடங்களில் எடுக்கும். வரைபடத்தைக் கில்காண்ட்ராவிலேயே இறக்கி வையுங்கள்.

7. சைட்டில் நிறுத்தும் வரிசை

இந்த வரிசையை மாற்றாதீர்கள். அவசரப்பட்டு முன்பின்னாகச் செய்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டி வரும்.

முதலில் இறங்கிப் பாருங்கள். மின்கம்பமும் குழாயும் எந்தப் பக்கம்? கேரவனின் பிளக் துவாரம் பெரும்பாலும் ஓட்டுநர் பக்கம் இருக்கும். மேலே மரக்கிளை இருக்கிறதா? பின்னால் வரும்போது ஒருவர் ஓட்டுநருக்குக் கண்ணாடியில் தெரிகிற இடத்தில் நின்று கை காட்ட வேண்டும். கண்ணாடியில் அவர் தெரியாவிட்டால் உடனே நிறுத்துங்கள்.

அடுத்து இடவல மட்டம். தாழ்ந்திருக்கும் பக்கச் சக்கரத்தை ரேம்ப் எனப்படும் சாய்வுக் கட்டை மேல் ஏற்றுங்கள். இதைக் காரிலிருந்து கழற்றும் முன்பே செய்ய வேண்டும், பிறகு முடியாது. மட்டம் வந்ததும் ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். அதன் பிறகே சங்கிலி, பிளக், ஹிட்ச் கழற்றுவது. காரை முன்னால் நகர்த்திவிட்டு, கேரவனின் முன்முனையைத் தாங்கும் சிறு சக்கரமான ஜாக்கி வீலின் கைப்பிடியைச் சுற்றி முன்பின் மட்டம் பாருங்கள். நான்கு மூலைக் கால்களையும் தரையைத் தொடும் வரை இறக்கினால் போதும். அவை ஆடாமல் பிடிக்கத்தான். கேரவனைத் தூக்க அவற்றைப் பயன்படுத்தினால் கேரவனின் அடிச்சட்டம் வளையும். மட்டம் சரியில்லையென்றால் காஸில் ஓடும் ஃப்ரிட்ஜும் சரியாகக் குளிராது.

கரண்டுக்குக் கேரவனுக்கான 15 ஆம்ப் வயர் வேண்டும். அதன் எர்த் முனை வீட்டு வயரைவிட அகலமாக இருக்கும். கம்பத்தில் சுவிட்சை அணைத்து, கேரவனில் முதலில் செருகி, பிறகு கம்பத்தில் செருகி, கடைசியில் சுவிட்ச். வயரைச் சுருளாக வைத்தபடி ஹீட்டரோ ஏ.சி.யோ போட்டால் சுருள் சூடாகி உருகும். முழுவதும் பிரித்துப் போடுங்கள்.

தண்ணீருக்குக் குடிநீர்த் தர ஹோஸ், கூடவே ஒரு பிரஷர் ரெகுலேட்டர். ரெகுலேட்டர் இல்லாமல் நேராக இணைத்தால் கேரவனுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் இணைப்பு ஏதாவது ஒன்று இரவில் கழன்றுவிடும். இந்த ஊர்க் குழாயில் வருவது நிலத்தடித் தண்ணீர். குளிக்க, கழுவச் சரி. தேநீருக்கும் சோற்றுக்கும் 10 லிட்டர்ப் பெட்டித் தண்ணீர் இரண்டு கொண்டு போங்கள்.

இவ்வளவும் முதல்முறை ஒரு மணி நேரம் எடுக்கும். எடுக்கட்டும். அன்று மாலையே கடைக்கும் போய்வந்துவிட்டால் மறுநாள் முழுவதும் உங்களுடையது. தேங்காய், கறிவேப்பிலை, இட்லி மாவெல்லாம் அங்கே எதிர்பார்க்காதீர்கள். சிட்னியின் வென்ட்வொர்த்வில்லிலோ பெண்டில் ஹில்லிலோ வாங்கி எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

8. அந்த ஒரு நாள்

காலையில் எழுந்ததும் வெந்நீர்க் குளம். பண்டோரா தெருவில் இருக்கிறது, கட்டணம் இல்லை. பூமிக்கு அடியில் பரந்து கிடக்கும் கிரேட் ஆர்ட்டீசியன் படுகையிலிருந்து தானாகவே சூடாக வரும் தண்ணீர், சுமார் 41.5 டிகிரி. காலை 10 முதல் 12 வரை சுத்தம் செய்ய மூடிவிடுவார்கள், மற்ற நேரமெல்லாம் திறந்திருக்கும். பலர் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு 10 மணிக்குப் போய் மூடிய கதவைப் பார்க்கிறார்கள். நீங்கள் 7 மணிக்கே போய்விடுங்கள். குளிர்காலக் காலையில் தண்ணீருக்கு மேல் ஆவி எழுந்துகொண்டிருக்கும், உள்ளூர்ப் பெரியவர்கள் கழுத்தளவு அமர்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். 15 நிமிடம் போதும். ஏறி வந்து தண்ணீர் குடித்துவிட்டு வேண்டுமானால் மறுபடி இறங்கலாம். வெள்ளி நகை கறுக்கும், கழற்றி வையுங்கள். தலையை முக்காதீர்கள், மூக்கில் தண்ணீர் ஏற விடாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் வளரும் அமீபா பற்றி இந்நாட்டுச் சுகாதாரத் துறைகள் தொடர்ந்து எச்சரிக்கின்றன. இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக்கூடாது. கைக்குழந்தைக்கு இந்தச் சூடு ஆகாது.

காலைச் சாப்பாட்டுக்குப் பின் சுற்றுலாத் தகவல் மையம். அங்கே கார்க் கதவு வழிகளுக்கான வரைபடம் கிடைக்கும். பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று நான்கு வழிகள். பழைய கார்க் கதவுகளுக்கு வர்ணம் அடித்து, எண் எழுதி, திருப்பத்துக்குத் திருப்பம் நட்டிருக்கிறார்கள். நான்கையும் ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள், ஒரு வழி போதும். மண் சாலைதான், மெதுவாகப் போனால் சாதாரணக் கார் போகும். மழை பெய்திருந்தால் அந்த வெள்ளைக் களிமண் வழுக்கும், அன்று போக வேண்டாம்.

சுரங்கப் பகுதியில் ஒரு விதியைக் குழந்தைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்: படம் எடுக்கும்போது பின்னால் நடக்காதே. மூடப்படாத சுரங்கக் குழிகள் ஆங்காங்கே இருக்கின்றன. வேலிக்குள் இருப்பது ஒருவரின் பிழைப்பு. அங்கே கிடக்கும் கல்லை எடுப்பது திருட்டு. பிள்ளைகள் ஓபல் தேட ஆசைப்பட்டால், பொதுமக்கள் கிளறலாம் என்று விட்டிருக்கும் மண்குவியல் எது என்று தகவல் மையத்திலேயே கேளுங்கள். கிளறும்போது ஒரு ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். கல்லை நனைத்தால்தான் நிறம் தெரியும்.

மதியம் 12 முதல் 3 வரை எதுவும் செய்யாதீர்கள். ஆனிங்கை விரித்து நாற்காலி போட்டுப் படுத்திருங்கள். காற்று எழுந்தால் ஆனிங்கை உடனே சுருட்டுங்கள். சமவெளியில் திடீரென்று கிளம்பும் சுழற்காற்றுக்கு அதைப் பிய்த்து எறிய ஒரு நிமிடம் போதும். சமைக்கும்போது கூரைச் சாளரமும் ஒரு ஜன்னலும் திறந்திருக்கட்டும். தாளிப்பு வாசனைக்காக மட்டும் சொல்லவில்லை, மூடிய கேரவனில் காஸ் அடுப்பு உயிருக்கு ஆபத்து.

3 மணிக்குமேல் பூமிக்கு அடியில் இறங்கிப் பார்க்கும் இடங்களில் ஒன்று. உதாரணமாக, சேம்பர்ஸ் ஆஃப் தி பிளாக் ஹேண்ட் என்ற இடத்தில் பழைய சுரங்கச் சுவரையே குடைந்து சிற்பங்கள் செதுக்கியிருக்கிறார்கள். படிகள் உண்டு, முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் யோசித்து இறங்கட்டும். மாலையில் ஊருக்கு மேற்கே 'நெட்டில்டனின் முதல் சுரங்கக் குழி' என்ற இடத்தருகே உள்ள மேட்டிலிருந்து அஸ்தமனம். திரும்பும்போது 40 வேகத்தைத் தாண்டாதீர்கள், கங்காரு நேரம் அது.

இரவுச் சாப்பாட்டுக்குப் பௌலிங் கிளப் போகலாம். நுழைவாயிலில் படமுள்ள அடையாள அட்டை காட்டிக் கையெழுத்திட வேண்டும். சமையலறை சீக்கிரம் மூடிவிடும், 7 மணிக்குள் உட்காருங்கள்.

9. ஓபல் வாங்குவதாக இருந்தால்

திடக்கல், டப்லெட், டிரிப்லெட் என்று மூன்று வகை. டப்லெட் என்பது மெல்லிய ஓபலைக் கறுப்புத் தளத்தில் ஒட்டியது. டிரிப்லெட்டில் மேலே கண்ணாடி போன்ற மூடியும் இருக்கும். மேலிருந்து பார்த்தால் மூன்றும் மின்னும், விலை மட்டும் மலைக்கும் மடுவுக்கும். பக்கவாட்டில் பாருங்கள். நேர்க்கோடாக ஒட்டு தெரிந்தால் அது திடக்கல் இல்லை. மோதிரத்தில் பதித்த பிறகு இந்தக் கோடு மறைந்துவிடும், ஆகவே எந்த வகை என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒட்டுக்கல்லோடு வெந்நீர்க் குளத்தில் இறங்கினால் பசை கெடும்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ அப்பா அம்மா வந்திருந்தால், அவர்களே பணம் கொடுத்து அவர்களே எடுத்துப் போகும் நகைக்கு விமான நிலையத்தில் ஜி.எஸ்.டி. திரும்பக் கிடைக்கும். ஒரே வணிகரிடம் 300 டாலருக்குக் குறையாமல், புறப்படும் நாளுக்கு முந்தைய 60 நாட்களுக்குள் வாங்கியிருக்க வேண்டும். டாக்ஸ் இன்வாய்ஸ் கட்டாயம். 1,000 டாலரும் அதற்கு மேலும் என்றால் அதில் வாங்கியவர் பெயரும் இருக்க வேண்டும்.

10. கிளம்பும் காலை

முதலில் டாய்லெட் கேசட், அதாவது கழிவறையின் கீழே உள்ள கழற்றும் கழிவுத் தொட்டி. இந்தக் கழிவைக் கொட்டுவதற்கென்றே உள்ள டம்ப் பாயின்ட் தவிர வேறெங்கும் கொட்டாதீர்கள். கேசட் ரசாயனம் செப்டிக் தொட்டியின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். ஊற்றும்போது காற்றுப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் தெறிக்காது. இரண்டு முறை அலசி, இரண்டு லிட்டர் தண்ணீரும் ரசாயனமும் விட்டுப் பூட்டுங்கள். கையுறை போடுங்கள், குடிநீர் ஹோஸை அங்கே கொண்டு போகாதீர்கள்.

பிறகு கரண்ட் வயர், ஹோஸ், ஆனிங், கூரைச் சாளரம், டி.வி. ஆன்டெனா, படிக்கட்டு, காஸ் வால்வு, ஜாக்கி வீல், சங்கிலி, விளக்குகள். ஒருவர் படிக்க, மற்றவர் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். டயர் காற்றை வண்டி ஓடும் முன், குளிர்ந்த நிலையிலேயே பாருங்கள். சக்கர நட்டுகளையும் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். கங்காரு ஒதுங்கும் வரை, அதாவது 8 மணிவரை, புறப்படாதீர்கள்.

வால்கெட் சுமார் 75 கிலோமீட்டர். அங்கே நிறுத்தி, கேரவன் சக்கரங்களின் நடுப்பகுதியில் கையை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். எல்லாம் ஒரே சூடாக இருந்தால் கவலையில்லை. ஒன்று மட்டும் தொட முடியாமல் சுட்டால், பேரிங் போயிருக்கும் அல்லது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும். அதோடு ஓட்டினால் சக்கரமே கழன்றுவிடும். அடுத்த பெரிய ஊர் கூனம்பிள் இன்னும் 110 கிலோமீட்டருக்கு மேல், ஆகவே மெக்கானிக்கை வால்கெட்டிலேயே தேடுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் பட்டறை திறந்திருக்காது. திரும்பும் நாளைச் செவ்வாய், புதன் என்று வாரநாளாக வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.